பாதமா, பாடமா? பட்டை முனைக் கலம் நடந்து வந்த வழி



சென்ற ரமலான் விடுமுறையில் பெண்ணாடத்து வீட்டுப் பரணிலிருந்து என் நன்னியின் நோட்டு ஒன்று கீழிறங்கியது. பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைக்கப்பட்டு, அட்டையை இழந்து, ஓரங்களைக் கரையானுக்குக் கொடுத்திருந்த நோட்டு. தொழுகையின் ஷர்த்துகள், சில பைத்துகள், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துக் குறிப்புகள், யார் யாருக்கு எவ்வளவு நெல் அளந்து கொடுத்தது என்ற கணக்கு ஆகிய எல்லாம் அரபுத்தமிழில் இருந்தன. என் மகள் மத்ரஸாவில் ஓதியவள். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், பின்பக்கம் ஒன்றில் நின்றுவிட்டாள்.

"அத்தா, இது பாதமா, பாடமா?"

வரியின் மறுபாதி கரையானிடம் போய்விட்டதால் இடம் நோக்கிப் பொருள் கொள்ளவும் வழியில்லை. அரபுத்தமிழ் அறிந்தோர்க்கு இந்தச் சிக்கல் புரியும். தமிழுக்கு உண்டு, அரபுக்கு இல்லை என்ற ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்தனர். ஃபாவின் கீழ் ஒரு புள்ளி இட்டால் பகரம். நூனின் கீழ் ஒரு புள்ளி இட்டால் ணகரம். தால் என்னும் எழுத்து தகரம். அதன் கீழ் ஒரு புள்ளி இட்டால் டகரம். ஆகவே பாதத்துக்கும் பாடத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நன்னி இட்டதா, பூச்சி இட்டதா என்பதே என் மகளின் கேள்வி.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. நோட்டின் முற்பகுதியில் இத்தகைய ஐயம் ஓரிடத்திலும் எழவில்லை. அங்கே புள்ளிகள் வட்டமாக இல்லை. சாய்த்து வைத்த சதுரங்களாக, ஓரம் கூர்மையாக இருந்தன. கரையானோ ஈயோ அப்படி ஒரு புள்ளியை இட முடியாது. கோடுகளும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து ஓடின. பிற்பகுதியில் கோடு ஒரே கனமாகவும், புள்ளி வெறும் குத்தாகவும் மாறிவிட்டன. எழுதிய கை ஒன்றே. மாறியது எழுதுகோல். முற்பகுதி பட்டையாக வெட்டிய நாணற்கலத்தால் எழுதப்பட்டது. பிற்பகுதி பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டது.

இறைமறையில் முதலில் இறங்கிய வசனங்கள் கலத்தைப் பேசுகின்றன. 68ஆம் அத்தியாயத்தின் பெயரே அல்கலம். இவற்றை நாம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்தக் கலம் எவ்வடிவில் இருந்தது, அதன் முனை ஏன் அவ்வாறு வெட்டப்பட்டது என்பதைப் பேசுவோர் குறைவு.

நாணலை வெட்டிக் காயவைத்து, ஒரு பக்கத்தை நீளச் சாய்வாகச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி, நடுவே மை இறங்குவதற்கு ஒரு பிளவு கீறுவர். பிறகு எலும்பிலோ தந்தத்திலோ செய்த சிறு கட்டையின்மேல் முனையை வைத்துக் கத்தியால் ஒரே அழுத்தில் துண்டிப்பர். கலத்தின் தகுதி முழுவதையும் தீர்மானிப்பது அந்தக் கடைசி வெட்டுத்தான். அது நேராகவும் இருக்கலாம், சாய்வாகவும் இருக்கலாம். வெட்டிய முனைக்கு ஓர் அகலம் கிடைக்கிறது. அந்த அகலத்தை முழுவதும் தாளில் பதித்து இழுத்தால் தடித்த கோடு. ஓரத்தின் திசையிலேயே வழுக்கினால் மெல்லிய கோடு. விரலால் அழுத்தித் தடிமனை வரவழைக்கத் தேவையில்லை. கை திசை மாறும்போது கோட்டின் கனம் தானே மாறும்.

இதை அளவுகோலாக்கியவர் இப்னு முக்லா. பக்தாதில் அப்பாஸியக் கலீஃபாக்களுக்கு மூன்று முறை வஸீராக இருந்தவர். கலத்தின் முனையைத் தாளில் வைத்துச் சிறிதே இழுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அவர் அளவாகக் கொண்டார். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவுகள் என்று ஒரு கணக்கு வகுத்தார். எழுத்தை அளக்க வெளியிலிருந்து கோல் வேண்டியதில்லை. எழுதும் கருவியே அளக்கும் கருவி. அரண்மனைச் சூழ்ச்சியில் சிக்கிய அவரது வலக்கை வெட்டப்பட்டது. வெட்டுண்ட கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். 940இல் சிறையிலேயே இறந்தார்.

அவருக்குப் பின் வந்த இப்னுல் பவ்வாப் அந்தக் கணக்குக்கு அழகைச் சேர்த்தார். ஹிஜ்ரி 391இல் அவர் எழுதி முடித்த குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரத்து செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. எழுத்துக்கலையைப் பற்றி ஒரு கவிதையும் இயற்றிய அவர், கலத்தை வெட்டும் முறையின் இரகசியத்தை மட்டும் வெளியிட மாட்டேன் என்று அதிலேயே சொல்லிவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் யாகூத் அல்முஸ்தஃஸிமீ முனையை மேலும் சாய்த்து வெட்டி, எழுத்துக்கு ஒரு மென்மையைத் தந்தார் என்பது மரபு. மூவரும் சேர்ந்து மாற்றியது ஒரு நாணல் துண்டின் நுனியை. முஸ்லிம் உலகின் பெரும்பகுதியில் எழுத்தின் முகம் அதனால் மாறியது.

தமிழ் எழுத்து வேறொரு வழியில் வந்தது. ஓலையும் எழுத்தாணியும் வளர்த்த எழுத்து அது. எழுத்தாணிக்குக் கூர்மை உண்டு, அகலம் கிடையாது. அது ஓலையைக் கீறும். கீறலில் மை பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். ஆகவே கோடு எங்கும் ஒரே கனம். நீளக் கோடுகள் ஓலையின் நார்வாக்கில் பிளந்துவிடும் என்பதனால் எழுத்துகள் வளைந்தன என்பர். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே இடாமல் எழுதிய சுவடிகள் ஏராளம். ஒரு புறம் புள்ளியையே அளவாகக் கொண்ட கலம். மறு புறம் புள்ளியைக் கைவிட்ட எழுத்தாணி. தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. உமறுப்புலவர் போன்ற நம் புலவர்களின் காப்பியங்கள் ஓலையில் வளர்ந்தன. அதே காலத்தில் ஆலிம்களின் கைகளில் கலம் இருந்தது. அந்தக் கலத்தால் தமிழையே எழுதத் தொடங்கியதன் விளைவுதான் அரபுத்தமிழ்.

அரபுத்தமிழை ஆலிம்களின் எழுத்தாக மட்டும் எண்ணிவிடுகிறோம். அதனால் மிகுந்த பயன் பெற்றவர்கள் பெண்களே என்பது என் எண்ணம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணைக்குப் போகாத பெண் பிள்ளைகளும் குர்ஆன் ஓதக் கற்றனர். ஓதத் தெரிந்த எழுத்திலேயே தாய்மொழியையும் எழுத முடிந்ததால், தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத நன்னி ஒருத்தி நெல் கணக்கு எழுத முடிந்தது. அவளைக் கைநாட்டு என்று கணக்கெடுப்புக்காரர் குறித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

தமிழுக்கு உலோக அச்சு மிக முன்பே வந்தது. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்து வார்க்கப்பட்டு நூல் அச்சாயிற்று. அரபு எழுத்தின் இணைப்புகளும் புள்ளிகளும் ஈய அச்சுக்கு எளிதில் அடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபோது அந்த இடர் நீங்கியது. காதிப் எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள மையால் தாளில் எழுதுவார். அந்த எழுத்தைக் கல்லில் படியவைத்து நூற்றுக்கணக்கில் படிகள் எடுப்பர். இவ்வகையில் அச்சு கலத்தை அழிக்காமல் வாழவைத்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நாம் அறியும் கீழக்கரை இமாமுல் அரூஸ் அவர்கள் (1816–1898) காலத்து அரபுத்தமிழ் நூல்களைப் புரட்டினால், அச்சு நூலைப் படிக்கிறோமா கையெழுத்தைப் படிக்கிறோமா என்று மயங்க வேண்டியிருக்கும். உண்மையில் இரண்டும்தான்.

அந்த மரபு நம் தலைநகரிலேயே இன்னொரு வடிவில் நெடுங்காலம் நின்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகில், 1927இல் சையத் அஜ்மத்துல்லாஹ் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழ் கையாலேயே எழுதப்பட்டு வந்தது. தொடங்கி வைத்தவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி. நான்கு பக்கம், ஒரு பக்கத்தை எழுதிமுடிக்க ஒரு காதிபுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிடுவர். கடைசி நேரத்தில் முக்கியச் செய்தி வந்தால் எழுதுவதற்கென்று முதற்பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைப்பார்கள். காதிப்களில் பெண்களும் இருந்தனர். உருது நமக்குப் புரியாது என்று அந்த இதழைக் கடந்து போனவர்களில் நானும் ஒருவன். மொழி புரியாவிட்டாலும் முனையின் வேலை புரிந்திருக்கும். அப்போது பார்க்கத் தெரியவில்லை.

ஊற்றுப்பேனாவைக் கண்டுபிடித்ததும் முஸ்லிம்களே என்ற செய்தி நம் குழுக்களில் சுற்றி வருவதால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செய்தியில் உண்மை உண்டு. 10ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமியக் கலீஃபா அல்முஇஸ், மைக்கூட்டில் தோய்க்காமலே எழுதும் கலம் ஒன்றை விரும்பினார். மையைத் தன்னுள் வைத்துக்கொண்டு, தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தாமல், எழுதும்போது மட்டும் மை விடும் கலம் பொன்னால் செய்யப்பட்டது என்று காழீ அந்நுஃமான் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அது ஓர் அரண்மனைக்குள் பிறந்து அங்கேயே நின்றுவிட்டது. 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மன் உரிமம் பெற்ற பேனா அதன் பிள்ளையன்று. பெருமை கொள்ளலாம், பரம்பரை கோர முடியாது.

நம் நாட்டுக்கு வந்த ஊற்றுப்பேனாவுக்குச் சுதேசிக் கதையும் உண்டு. ராஜமுந்திரியில் ரத்னம் செய்த பேனாவைத் தஞ்சாவூர்க்காரரான ஜே. சி. குமரப்பா வழியாகப் பெற்ற காந்தியடிகள், அது அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935இல் கடிதம் எழுதினார். இன்றும் திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் எபோனைட்டைக் கடைந்து கையால் பேனா செய்கின்றனர்.

ஊற்றுப்பேனா வந்தபோது ஒன்று போயிற்று. எந்தத் திசையில் எழுதினாலும் கீறக்கூடாது என்பதற்காக நிப்பின் நுனியில் கடினமான கலப்புலோகத்தை ஒரு சிறு உருண்டையாக ஒட்டினர். உருண்டைக்கு ஓரம் கிடையாது. எனவே கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை. பின்னர் வந்த பால்பாயிண்டில் முனையே ஓர் உருளும் குண்டு. சுற்றி வந்து பார்த்தால், நாம் மீண்டும் எழுத்தாணிக்கே வந்து சேர்ந்தோம். தமிழுக்கு அதனால் பெரிய சேதமில்லை. அது எழுத்தாணியில் பிறந்த எழுத்து. அரபுத்தமிழுக்குச் சேதம் உண்டு. என் நன்னியின் நோட்டின் பிற்பகுதியே அதற்குச் சாட்சி.

ஐரோப்பியர்களும் இதே இழப்பைச் சந்தித்தவர்கள்தாம். 1522இல் ரோமில் அர்ரீகி என்பவர் பட்டை முனையால் எழுதும் சாய்வெழுத்துக்குக் கையேடு வெளியிட்டார். இத்தாலியில் பிறந்ததால் அதற்கு இட்டாலிக் என்று பெயர். பிறகு கூர்முனை உலோக நிப்புகள் வந்து அதை மறக்கடித்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்டு ஜான்ஸ்டன் என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துப் பழம் பிரதிகளை உற்றுப் பார்த்து, எழுத்தின் வடிவத்தைச் செய்வது கை மட்டுமன்று, முனையின் ஓரமும்தான் என்று கண்டறிந்து 1906இல் நூல் எழுதினார். பழம் பிரதியை உற்றுப் பார்த்தே அவர் தொலைந்த கருவியை மீட்டார். அந்தக் கதையைப் படித்த பிறகுதான், நன்னியின் நோட்டை அது எழுதப்பட்ட வகையிலேயே படியெடுத்து வைக்கலாம் என்ற எண்ணம் என் மகளுக்கு வந்தது.

நாணல் இல்லாத ஊரா எங்கள் ஊர்? வெள்ளாற்றங்கரையில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதே வெள்ளாறு கீழே பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. கடல் வணிகம் செய்த முஸ்லிம்களின் பழம்பெரும் துறைமுகம் அது. என் நன்னா சீவிய கலமும் அந்த நாணல்தான் என்பார்கள். மகள் நாலைந்து சீவிப் பார்த்தாள். எழுதின. ஆனால் நூற்று எழுபது பக்கத்தையும், விடுதி அறையில், பரீட்சைகளுக்கு நடுவே, மைக்கூட்டில் தோய்த்துத் தோய்த்து எழுதுவது நடக்கிற காரியமில்லை. உருண்டை முனையைப் பட்டையாகத் தீட்டிய ஊற்றுப்பேனா ஒன்றே வழி என்று முடிவாயிற்று.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். கடையில் இருந்த நடுத்தர நிப்புப் பேனா ஒன்றை வாங்கி, தீட்டுபவரிடம் அனுப்பி, அகலமான பட்டையாக்கித் தரும்படி கேட்டேன். திரும்பி வந்த பேனாவின் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. குற்றம் அவருடையதன்று. தீட்டுதல் என்பது இருக்கும் உலோகத்தைத் தேய்த்துக் குறைப்பது, இல்லாததைச் சேர்ப்பதன்று. நுனியிலுள்ள உருண்டையின் அகலமே கிடைக்கக்கூடிய பட்டையின் மேல்வரம்பு. ஆகவே முதலில் நோட்டில் இருக்கும் தடித்த கோட்டை அளக்க வேண்டும். நன்னியின் கோடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பருமுனை, அதாவது பி என்று குறிக்கப்பட்ட நிப்பே ஏற்றது என்பது இரண்டாம் முறை தெரிந்தது. அதைவிட அகலமாக வேண்டுவோர் தீட்டுபவரைத் தேடாமல், 1.1 அல்லது 1.5 மில்லிமீட்டர் பட்டையாகவே செய்து விற்கும் நிப்பை வாங்குவது மேல்.

தீட்டும் வகையிலும் தேர்வு உண்டு. ஓரத்தையும் மூலைகளையும் கத்திபோல் விட்டுவிட்டால் மெல்லிய கோடு மயிரிழையாக வரும். ஆனால் கை சற்றுத் திரும்பினாலும் தாளைக் கீறும். மூலைகளைச் சிறிது மழுக்கினால் ஓட்டமாக எழுதலாம். கோட்டின் வேறுபாடு கொஞ்சம் குறையும். முற்றிலும் மழுக்கியதற்கு ஸ்டப் என்று பெயர்; தமிழில் கடிதம் எழுத அது போதும். படியெடுப்பதற்கு நடுவகையே சரி. ஆங்கில எழுத்துக்கே தீட்டிப் பழகியவரிடம், இது வலமிருந்து இடம் செல்லும் எழுத்து என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முனையை நேராகத் தீட்டுவதா சாய்வாகத் தீட்டுவதா என்பது அதைப் பொறுத்தது. நேரான முனையால் எழுதினால் அந்தச் சாய்வைக் கை மணிக்கட்டைத் திருகித் தேட வேண்டியிருக்கும். பேனாவை எப்படிப் பிடிப்பவள் என்பதற்கு ஒரு படமும், நன்னியின் பக்கம் ஒன்றின் நகலும் அனுப்பினோம். யாகூதின் சாய்வெட்டைப் பற்றிப் படித்திராத ஒருவர், அந்த நகலைப் பார்த்தே சாய்வைப் பிடித்துவிட்டார்.

மையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கரியும் வேலம்பிசினும் சேர்த்த பழைய வகை மையையோ, ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கையோ ஊற்றுப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். காய்ந்தால் மைத்தடம் முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஊற்றுப்பேனாவுக்கென்று விற்கும் மை, அதிலும் நீரில் கரையாத வகை, படியெடுப்பதற்கு உகந்தது. தாள் மையை உறிஞ்சிப் பரப்புமானால் எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டிய முனையும் உருண்டை முனையாகிவிடும். நாங்கள் பள்ளி நோட்டில் எழுதி ஏமாந்து, பிறகு வழவழப்பான கனத்த தாளுக்கு மாறினோம்.

மகள் இப்போது விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முனையைக் கழுவித் துடைக்கிறாள். எழுதத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் ஏழு புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த உயரத்துக்கு ஓர் அலிஃப் இழுத்துப் பார்க்கிறாள். முற்பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டது. எழுத்து நன்னியின் எழுத்தைப் போல் இல்லை. ஆனால் புள்ளிகள் நன்னியின் புள்ளிகள்.

பிற்பகுதிக்கு வந்தபோது வேலை மெதுவாயிற்று. ஒவ்வொரு குத்தையும் கண்ணாடி வைத்துப் பார்த்து, மை ஊறியிருக்கிறதா, பழுப்புக் கறையா என்று தீர்மானித்த பின்னரே தன் தாளில் புள்ளி இடுகிறாள். தீர்மானித்துவிட்டால் அது சாய்சதுரமாக விழுந்துவிடும். இனி எவரும் ஐயுற மாட்டார்கள், அவள் தவறாகவே படித்திருந்தாலும். அதனால்தான் அவசரப்பட மாட்டேன் என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தாளில் இடம் விட்டுவைத்திருக்கிறாள். ஊரில் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இருவர் இருக்கின்றனர். அடுத்த முறை வரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.